எட்டு ரேக், ஒரு தூசி

திங்கள், 3

விடியும் முன்பே மழை. கிள்ளான் ஸ்டேஷனில் கோமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாக. வேனில் என்னோடு வேலை செய்யும் ஹாஜா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். பாஸ் ஜெரால்டுதான் ஓட்டினார். வழியெல்லாம் செபமாலை அவர் கையில்.

சைபர்ஜெயா. டேட்டா சென்டர். உள்ளே போனதும் வாயடைத்துப் போனேன். பதினோரு வருஷமாகப் பிளாட் பிளாட்டாக ஏறி ஃபைபர் இழுத்தவள். இந்த இணையம் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கேதான். கண்ணுக்கெட்டிய தூரம் கம்ப்யூட்டர் அடுக்கிய கறுப்பு ரேக்குகள், ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். தலைக்கு மேலே மஞ்சள் பாதையில் ஃபைபர் ஆறாக ஓடுகிறது. ஹாலின் ஒரு பாதி ஏற்கெனவே ஓட்டத்தில். அந்த இரைச்சலும் குளிரும்! பக்கத்தில் நிற்கும் ஹாஜா பேசுவது கேட்கவில்லை.

மறுபாதியில் ஃபைபர் சொருக எங்களுக்கு எட்டு ரேக். பரீட்சை மாதிரி. இங்குள்ள இன்ஸ்பெக்டர் மிஸ் லிம் கையெழுத்துப் போட்டால் முழு ஹாலும் எங்கள் கம்பெனிக்கு. போடாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். பிளாட் வேலையை இந்த மாதத்தோடு விடுவதாகப் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விடச் சொன்னதே நான்தான். மார்க்கெட் எப்படிப் போகிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். செம்புக் கம்பி ஒழிகிறது. வீட்டு ஃபைபர் பெரும்பாலும் போட்டு முடிந்தது, இருக்கிற வீடுகளுக்கு நான்கு கம்பெனி அடித்துக்கொள்கிறது. இனிமேல் டேட்டா சென்டர்தான். பாஸ் ஆபீஸ் பலகையில் பிளாட்டுக்கு ஒரு கீழ் அம்பு, டேட்டா சென்டருக்கு ஒரு மேல் அம்பு போட்டார். 

ஹாஜா இந்தியாவிலிருந்து வந்தவன், அவனுடைய வேலைப் பெர்மிட்டை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். கையில் வேலை இருக்கிற கம்பெனிதான் புதுப்பிக்க முடியும்.

செவ்வாய், 4

மழை இல்லை. புழுக்கம். ஹாலுக்குள் மட்டும் பல் கிடுகிடு. நாளைக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர்.

வாசலில் ஒட்டும் பாய் ஒன்று. காலை வைத்தால் செருப்புத் தூசியைப் பிடுங்கிக்கொள்கிறது. பக்கத்தில் தடைப் பட்டியல்:
அட்டைப்பெட்டி
மரம்
சாப்பாடு, தண்ணீர்
பென்சில்
டிஷ்யூ பேப்பர்

அட்டைப்பெட்டிக்கு என்ன பாவம் என்று கேட்டேன். அதிலிருந்து நார் உதிருமாம். தூசிக்கு இவ்வளவு மரியாதை தரும் இடத்தை நான் பார்த்ததில்லை.

வேலை முறை: ஹாஜா கனெக்டரின் கண்ணாடி முனையைத் துடைத்துத் தருவான். நான் அதை ஸ்கோப்பின் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, படம் பிடித்து, மூடி போட்டு வைப்பேன். மூடிகள் எல்லாம் ஒரு தட்டில், என் மடியில். பிறகு ஹாஜா மூடியைக் கழற்றி ரேக்கில் சொருகுவான். நாளை முதல் சாயங்காலம் மிஸ் லிம் (மி.லி.) உருவிப் பார்ப்பார்.

ஸ்கோப் எனக்குப் புதிதில்லை. ஆனால் பிளாட்டில் சட்டையில் துடைத்துச் சொருகினாலும் ஓடும். செந்தூலில் ஏதோ ஒரு ஆன்டி வீட்டில் சீரியல் கொஞ்சம் சுற்றும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. முடி அளவு கண்ணாடி, அதன் நடுவில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி வழியாகத்தான் வெளிச்சம். அது கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். அதில் எத்தனை ஆயிரம் வீட்டுப் பேச்சு, படம், சண்டை, கல்யாண வீடியோ. திரையில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாஜா அடுத்ததை நீட்டிக்கொண்டு நிற்கிறான், நான் கவனிக்கவே இல்லை.

"என்னக்கா, படமா ஓடுது?"

புதன், 5

 மி.லி. இரண்டு நாள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பதினேழு முனை அழுக்கு. இன்றைய வேலையிலும் ஆறு. கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ துகள். எங்கிருந்து வந்தது?

அவர் என் படங்களை வாங்கிப் பார்த்தார். பதினேழும் சுத்தம். பளிங்கு மாதிரி.

"கோகிலா, யுவர் பிக்சர் ஆல் கிளீன். ஆஃப்டர் ஹிம், டர்ட்டி. சிம்பிள் லா."

ஹாஜாவின் முகம் செத்துப்போனது. "நான் முனையத் தொடவே இல்லக்கா. கையுறை போட்டிருக்கேன், பாருங்க."

நான் படங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஹாஜா இறங்கிய பிறகு வேனில் பாஸ் தனியாகக் கேட்டார். "கையில வேகம் ஜாஸ்தி பாஸ், சொருகும்போது அவசரப்படுறான் போல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் படங்கள் சுத்தமாக இருந்தன, அதனால். எட்டு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம்.

வீட்டுக்காரர் பாலாவிடம் சொன்னேன். இவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "நீ போட்டுக் குழப்பிக்காத. சாப்பிடு." மீன் சம்பல். ருசி தெரியவில்லை.

வியாழன், 6

மாத நாள். வயிற்று வலி. சாமி அறைப் பக்கம் போகவில்லை, விளக்கு பாலாதான் ஏற்றினார். இரண்டு மாத்திரை.

ஹாஜா இன்று ரொம்பக் கவனம். துடைக்கும் துணியை ஒவ்வொரு முனைக்கும் புதிதாக எடுக்கிறான். சொருகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் மி.லி. ரிசல்ட்: ஒன்றுகூட இல்லை. பூஜ்யம்!

"சீ? ஐ டெல் ஹிம், ஹி கேர்ஃபுல். கேன் வாட்." சொன்னால் செய்ய முடிகிறதல்லவா என்கிறார்.

வெள்ளி, 7

பூஜ்யம்.

ஹாஜா மதியம் தொழுகைக்குப் போய்வந்தான். கழிப்பறைக் குழாயில் முகம், முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து நின்றான். "பயத்துல வேலை செஞ்சா சுத்தமா வரும்னு சொல்றாங்கக்கா. நான் என்னைக்குக்கா அழுக்கா செஞ்சேன்?"

 அவனுக்கு இராமநாதபுரத்தில் இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு வேனிலிருந்து வீடியோவில் அந்தக் கட்டடத்தைக் காட்டினான், வெளியிலிருந்து. "உன் வாய்ஸ் மெசேஜ்லாம் இதுக்குள்ளதாம்மா தூங்குது" என்றான். அந்தக் குழந்தை சத்தம் போட்டுச் சிரித்தது. எனக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது.

சனி, 8

அரை நாள். பூஜ்யம். மூன்று நாளாக. பாஸ் வேனிலேயே பாட்டுப் போட்டார்.

குளிரூட்டும் அறையைக் காட்டினார்கள். இடுப்பு கனத்துக்குக் குழாய்கள். ரேக்குகள் விடுகிற சூட்டைத் தண்ணீர் சுமந்து போகிறது, கூரையில் கொட்டுகிறது, திரும்பி வருகிறது. ஓயாமல். இனி வரும் ரேக்குகளுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் போகுமாம், ஏஐ மெஷினுக்குக் காற்று போதாதாம். மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கிற இடத்துக்குத்தான் இனி மார்க்கெட் போகும் என்றார் பாஸ். என் இரண்டு பக்கத்தில் இது இல்லை. நான் கேபிளை மட்டும் பார்த்தவள்.

ஞாயிறு, 9

தலைக்குக் குளித்தேன். துணி, திரை, பாலாவின் மூன்று சட்டை. சாயங்காலம் கோயில். திருநீறு தீர்ந்துபோயிருந்தது, புதுப் பொட்டலம் வாங்கினேன். நல்ல வெள்ளை. கையில் எடுத்தாலே பறக்கிறது.

ஹாலுக்காக வேண்டிக்கொண்டேன். ஹாஜாவுக்காகவும்.

திங்கள், 10

ஒன்பது.

மறுபடி அழுக்கு, ஒன்பது முனை! எல்லாம் சாப்பாட்டுக்கு முன் செய்தவை. மி.லி.க்கு முகம் சிவந்துவிட்டது. கத்தவில்லை, அதுதான் பயம். நாளையோடு ஹாஜா போதும், புதன் முதல் வேறு ஆள், அப்போதும் ஒன்று வந்தால் எட்டு ரேக்கையும் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

வேறு ஆள் எங்கே இருக்கிறான்? இருக்கிற நான்கு பேரில் கண்ணாடி முனை தெரிந்தவன் ஹாஜாதான்.

 பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது ஹாஜா பாஸிடம், "என்னால கம்பெனி கெட வேணாம் பாஸ். நான் ஊருக்குப் போயிடுறேன்" என்றான். பாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "இரு லா. யாரு இப்ப உன்னப் போகச் சொன்னா?"

கோமுட்டரில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டை எடுத்தேன்.
திங்கள், செவ்வாய்: 17
புதன்: அன்றைய வேலையிலும் 6
வியாழன், வெள்ளி, சனி: 0
இன்று: 9

ஷா ஆலாம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் ஹாஜா கவனமாக இருந்தானாம். இன்று மட்டும் மறந்துவிட்டானா? இன்று அவன் பக்கத்தில் நான்தானே இருந்தேன். வியாழனைவிடக் கவனமாகத்தான் இருந்தான்.

செவ்வாய், 11

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் சாமி அறை. விளக்கு ஏற்றி, திருநீற்றில் விரலை வைத்து, நெற்றிக்குக் கொண்டுபோகும்போது கண்ணாடியில் பார்த்தேன். மூக்கின் மேல் பொடி உதிர்ந்தது. ஸ்வெட்டரின் கழுத்தில் ஏற்கெனவே வெள்ளையாக.

வியாழன், வெள்ளி, சனி நான் பூசவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாலா வெளியிலிருந்து, "மணி ஆச்சு, ட்ரெயினு போயிடும்."

பூசிக்கொண்டுதான் போனேன். தெரியவேண்டுமே. வழக்கம்போல மூடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்தேன். பத்து முனை பார்த்தேன், பத்தும் சுத்தம், படம் பிடித்தேன், மூடினேன். ஹாஜாவை எதையும் தொட வேண்டாம் என்றேன். நானே மூடிகளைக் கழற்றி மறுபடி ஸ்கோப்பில் வைத்தேன்.

முதல் மூன்றும் சுத்தம்.

நான்காவது. வட்டத்தின் நடுவில், வெளிச்சம் போகிற அந்தப் புள்ளியின் மேலேயே, பாறைகள். சாம்பல் நிறப் பாறைகள். பத்துமலை முருகன் கோயில் குன்றை யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி. என் நெற்றியிலிருந்து விழுந்தது. மூடிக்குள் விழுந்து, மூடியோடு போய் முனையில் உட்கார்ந்திருக்கிறது.

ஹாஜா திரையைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான். 

"நான்தான் ஹாஜா. எல்லாம் நான்தான். பாஸ்கிட்ட உன்னத்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா. பாஸ் சொன்னாரு."

தெரிந்தே நாலு நாள் எனக்கு முனை துடைத்துக் கொடுத்திருக்கிறான். அழுதுவிட்டேன். அந்தக் குளிரில் கண்ணீர்கூடச் சில்லென்று இருந்தது.

நேராக மி.லி.யிடம் போனேன். படிவம் தந்தார். மூலகாரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: சோதிப்பவரின் நெற்றியிலிருந்து விழுந்த புனிதச் சாம்பல். என் பெயர். கையெழுத்து. இதற்கு என்னை வெளியே அனுப்புவார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இரண்டு முறை படித்தார். "சேக்ரட் ஆஷ். மேட் ஃப்ரம் வாட்?"

"கவ் டங், மிஸ் லிம். பர்ன் பண்ணி, பவுடர்."

படிவத்தைக் கீழே வைத்தார். பிறகு தன் சட்டைக் கையை மெதுவாகத் தூக்கி மோந்து பார்த்தார். "திஸ் மார்னிங் ஆல்சோ ஐ பர்ன் ஜாஸ் ஸ்டிக். ஃபார் மை ஃபாதர்." உதட்டைக் கடித்துக்கொண்டார். கதவுக்குப் போய்த் தடைப் பட்டியலின் கீழே பேனாவால் எழுதினார்: திருநீறு, ஊதுபத்திச் சாம்பல், முகப் பவுடர்.

முடிவு: ஹாஜா இருக்கலாம். எட்டு ரேக்கையும் இன்றும் நாளையும் முழுக்கத் துடைத்துப் பார்க்க வேண்டும். நாளை சாயங்காலம் கடைசிப் பரிசோதனை. ஒன்று வந்தாலும் முடிந்தது. ஸ்கோப்பில் ஹாஜா. நான் துடைக்க மட்டும், மூடிப் பக்கமே போகக் கூடாது.

பாஸ் போனில் முதலில் சத்தம் போட்டார். அப்புறம், "நல்ல வேளை, சாம்பல் புதன் அன்னிக்கு என்னை உள்ள விடல லா" என்றார். சர்ச்சில் அவர் நெற்றியிலும் சாம்பல் பூசும் நாள் அது.

புதன், 12

மழை. சாமி அறையில் விளக்கு ஏற்றினேன். திருநீற்றை எடுத்து, பொட்டலத்தோடு கைப்பையில் வைத்துக்கொண்டேன். நெற்றி வெறுமையாக, ஏதோ மறந்துவிட்டு வந்த மாதிரி. ட்ரெயினில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது.

வாசலில் ஹாஜா குழாயைக் காட்டினான். "வாங்கக்கா. கழுவிட்டு உள்ள போறது எனக்குப் பழக்கந்தான்." இருவரும் முகம், கழுத்து, முழங்கை வரை கழுவினோம். பொட்டலத்தை அவன் லாக்கரில் வைத்துப் பூட்டினான்.

முந்நூற்று இருபது முனை. கழுத்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் துடைத்து நீட்டும்போது அவன் திரையைத்தான் பார்த்தேன். வட்டம், வட்டம், வட்டம். எதுவும் இல்லாத கறுப்பும் வெள்ளையும். இத்தனை சுத்தமாக ஒன்று இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. சாமியைப் பார்க்கிற மாதிரி இருந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு மி.லி. ஒவ்வொரு ரேக்காக. நாங்கள் சுவரோரம். பாஸ் கேட்டுக்கு வெளியே வேனில்.

எட்டாவது ரேக். ஸ்கோப்பை மூடினார். எங்கள் பக்கம் திரும்பாமலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பக்கம் யாரோ ஸ்விட்ச் போட்டார்கள். நாங்கள் சொருகியதெல்லாம் வரிசையாகப் பச்சை. மேலிருந்து கீழே, ஒரு ரேக்கிலிருந்து அடுத்த ரேக்குக்கு, எட்டும். கை கூப்பியிருக்கிறேன், எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வெளியே இன்னும் மழை. பாஸ் ஹாரன் அடிக்கிறார், விடாமல். லாக்கரைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கையிலும் ஏந்தி, ஹாஜா என் முன்னால் நீட்டினான்.

"இப்ப பூசிக்கலாம்க்கா."