மின்னலுக்காக நான் ஊதிய மூச்சு

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நான் முழு நலம், டீமே மின்னல் என்று கூப்பிடும் உன் தம்பி முக்கால் நலம். போனில் பேசாமல் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேனே என்று நினைக்காதே, சளிக்காய்ச்சல் வந்த எங்கள் இருவரையும் டீம் விடுதியில் ஒரே அறையில் போட்டு இன்றோடு ஒன்பது நாள், நான் முணுமுணுத்தாலும் அவன் காதில் விழும். எனக்கு நாலே நாலு தும்மல்தான், கிருமி என்னைப் பார்த்து ஓடிவிட்டது. அவனுக்குத்தான் மூன்று நாள் அனலாகக் கொதித்தது. அறையில் இரண்டு கட்டில், திறக்க முடியாத ஒரு ஜன்னல், அதற்கு எதிரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் பந்து உதைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவன் கால் போர்வைக்குள் துள்ளுகிறது. சாப்பாட்டை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். வாஷ்பேசினிலிருந்து ஜன்னலுக்கு ஏழு அடி, நான் நடந்த நடைக்கு உன் ஊருக்கே வந்து திரும்பியிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. சனிக்கிழமை கடைசி ஆட்டம். அதில் இறங்கினால்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம் என்று கோச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா தினமும் கதவிடுக்கில் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயை நீட்டுவார், உள்ளேயிருந்து முழு மூச்சாக ஊதித் திருப்பிக் கொடுத்தால் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார். வழக்கமாக அறுநூறு ஊதுகிறவன் முந்தாநாள் முந்நூறைத் தாண்டவில்லை. அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன், குழாயைப் பிடுங்கி முள்ளைக் கீழே இறக்கி நானே ஊதினேன். ஐந்நூற்றுப் பத்து! இந்த வயதில் எவன் ஊதுவான் சொல். டாக்டரம்மா வெளியிலிருந்து, "பலே மின்னல், சனிக்கிழமை ஆடலாம் போ" என்றார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உடம்பைச் சூடாக்குகிறேன் என்று நின்ற இடத்திலேயே ஓடினான், ஐம்பது எண்ணுவதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல சித்தப்பா, கால் மரத்துப்போச்சு" என்றான். இருபது வருஷமாக இந்த டீமுக்கு மசாஜ் செய்கிறவனிடம் காலைப் பற்றிச் சொல்கிறான்! நான் தொட்ட கால் தோற்றதில்லை என்று கோச்சே சொல்வார், சொல்லாவிட்டாலும் நினைப்பார். மணிக்கட்டைப் பிடித்தேன். படுத்திருந்தால் நிமிடத்துக்கு ஐம்பது துடிக்கிற நாடி, பத்து நிமிடம் படுக்கப்போட்ட பிறகும் நூற்றுப்பத்து, நடுநடுவே ஒன்றை விழுங்கிவிட்டு ஓடுகிறது. என் வாய் கொஞ்சம் கூட்டித்தான் பேசும், விரல் அப்படியில்லை. சொன்னால் அவன் ஒப்பந்தம் போகும், என் வேலையும் போகும், சொல்லாவிட்டால் மைதானத்தில் அவன் விழுவதை நானே ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஏழு அடியில் எந்தப் பக்கம் நடந்தாலும் சுவர்தான் வந்தது.

நேற்று டாக்டரம்மா வந்ததும் கதவை அகலத் திறக்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே ஊதிக் காட்டினேன். அதே ஐந்நூற்றுப் பத்து. அன்று ஊதியதும் நான்தான், அவன் நாடி இப்படி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காய்ச்சல் விட்டாலும் இதயத் தசையில் வீக்கம் இருக்கலாம், அந்த நெஞ்சோடு பந்தைத் துரத்தினால் உயிரோடு விளையாட்டு என்று என்னைப் பிடித்துத் திட்டினார். இன்று அவனைக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துத் திரும்ப அறையில் கொண்டுவந்து விட்டார்கள், வீக்கம் இருக்கிறதாம், எத்தனை மாதம் ஓடக் கூடாது என்று பிறகு சொல்வார்களாம். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டதற்குக் கோச், "பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான். நான் இனி யார் காலையும் தொடக் கூடாதாம்.

உன் தம்பி, "உங்கள யாரு ஊதச் சொன்னா, உங்கள யாரு சொல்லச் சொன்னா" என்று இரண்டே கேள்வி கேட்டான், அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்னும் ஐந்து நாள் இதே அறைதான். சற்று முன் கண்ணை மூடிக் கிடந்தவனின் கையை எடுத்து நாடியை எண்ணினேன். தொண்ணூறு. தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும். உனக்கு இருமல் வந்தால் வேலைக்கு ஓடாதே, படு. அவனுக்குப் போன் செய், ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

ஐந்நூற்றுப் பத்து ஊதிய,
உன் சித்தப்பா