மூன்று நிற மையில் ஓர் அட்டவணை

இவ்வீட்டின் ஒரே மாணவருக்கு, வயது நாற்பத்தொன்று, அறிவிப்பது யாதெனில்:

நான் ஊத்துக்கோட்டைக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். நாளை வந்துவிடுவேன். உங்கள் அட்டவணைப்படி நீங்கள் இப்போது இரண்டு மணி நேரமாக நில அளவை படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை.

கத்தரிக்காய்க் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. ராத்திரி கோபத்தில் சாப்பிடாமல் படுத்தீர்கள், முதலில் சாப்பிடுங்கள்.

“நாலு மணிக்குத் தூங்கிக்கினே படிக்கப் போறீங்களா?” என்று நான் சிரித்தது தப்புதான். “உனக்கு இன்னாடி தெரியும்?” என்றீர்கள். ஒன்று தெரியும். இந்த மூன்றாம் தடவையும் பரீட்சையில் தவறினால், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் மூன்று நிற மை அட்டவணைக்குப் பின்பக்கம் பென்சிலில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன். காலை ரயில் போனதும் இரண்டு கணக்கு. சாயங்கால ரயில் வருவதற்குள் ஒரு பாடம். நடுவில் மாடு கத்தினால் போங்கள், ஆனால் திரும்பி வந்து உட்காருங்கள். இவ்வளவு உங்களால் முடியும்.

கங்கம்மா

பி.கு.: புத்தகத்துக்குள் இருந்த பரீட்சைச் சீட்டை இப்போதுதான் பார்த்தேன். உங்கள் அட்டவணை முப்பது நாளுக்கு. பரீட்சை இன்னும் பதினொரு நாளில்.