ரோஸ் கலர் பையோடு முதல் பந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாடுகள் நன்றாகக் கறக்கின்றனவா?

போன வருஷம் காலேஜில் பேஸ்பால் வீசியவன், நேற்று நாட்டின் மிகப் பெரிய போட்டியான மேஜர் லீக்கில் வீசிவிட்டேன்! இங்கே ஒரு வேடிக்கை வழக்கம்: புதிதாக வந்த பந்துவீச்சாளன்தான் மற்ற பந்துவீச்சாளர்களின் மிட்டாய்களைச் சுமக்கணும், அதுவும் குழந்தைகளின் ரோஸ் கலர் பையில். கோச் பந்து வீசக் கூப்பிட்ட அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடிவிட்டேன். ஸ்டேடியமே சிரித்தது.

"ஸ்கூல் விட்டாச்சு, வீட்டுக்குப் போடா தம்பி!" என்றான் எதிரணி பேட்ஸ்மேன். மூன்றே பந்து, மூன்றையும் அடிக்க முடியாமல் அவுட். அவன்தான் போனான்.

என் பழைய தலையணையை அனுப்புங்கள். ஹோட்டல் தலையணை சரிப்படவில்லை. பால் கறக்க ஆள் கிடைத்தால் நீங்களே கொண்டுவாருங்கள்.

பஸ் கிளம்புகிறது. நேற்று ஸ்டேடியத்தில் உங்களுக்கென்று தந்த சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. அவன் அவுட்டாகி எல்லோரும் கைதட்டியபோது, அந்தக் காலி சீட்டைப் பார்த்துத்தான் தொப்பியைக் கழற்றி வணங்கினேன்.

உங்கள்
கோல்பி