யாருடி அவன்?

ஆக. 25, திங்கள்

காலை ஏழுக்கே காந்தல். கொடியில் காய்ந்த துணி எல்லாம் மறுபடி அலச வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி என் வெள்ளைச் சுடிதார் சாம்பல் கலர். ரெட்டிபாளையம் ரோட்டில் அப்பா ஓட்டுவதும் அதே லாரிதான். யாரைத் திட்ட.

தங்கச்சி அபி இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. இந்த மாதம் ஏழாவது நாள். பதினொன்றாம் வகுப்பு. பத்தாவதில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா தோசைக் கரண்டியோடு வாசற்படியில்.

"யாருடி அவன்?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாமத்தான் ரெண்டு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்குறியா? நானும் இந்த வயசத் தாண்டித்தான் வந்தேன்."

வேலைக்குப் போகிற பெரம்பலூர் பஸ். உட்கார இடம் கிடைத்தது, எழுதுகிறேன். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து நானே கண்ணால் பார்த்தவை:

- கருவாட்டுக் குழம்புக்கு என்னோடு மல்லுக்கு நிற்பவள், இப்போது பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறாள்.
- பள்ளி விட்டு வந்ததும் யூனிபார்மோடு தூக்கம். எழுந்தாலும் களைப்பு.
- கோ-கோ டீமிலிருந்து தானே விலகியது. கேட்டால் கால் வலி.
- தலை வலி, வயிறு வலி. மாற்றி மாற்றி.
- ஒரு நாள் டம்ளரை வீசினாள். அடுத்த நிமிடம் அழுதுகொண்டே தானே துடைத்தாள்.
- குளியல், கெஞ்சினால்.

இத்தனையும் பார்த்துவிட்டு நான் செய்தது என்ன? டி.பார்ம் படித்தவள், மெடிக்கலில் மூன்று வருடமாக வேலை. சத்து டானிக் இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளைக்குப் பசிக்கலைங்க என்று வருகிற எல்லா அம்மாக்களுக்கும் எடுத்துக் கொடுப்பேனே, அதே டானிக். வெட்கமாக இருக்கிறது.

ஆக. 26, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை.

வகுப்பு டீச்சர் அம்மாவுக்குப் போன். மாதத் தேர்வில் இயற்பியலுக்கு வெறும் தாளாம். பெயர், வகுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். டீச்சர் குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது: "வயசுக் கோளாறுங்கம்மா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க. பொம்பளப் புள்ள, நான் என்னத்த சொல்றது?" சொல்லாமல் சொல்லியாயிற்று. நாற்பது பிள்ளைகளைத் தினமும் எதிரில் வைத்துப் பார்க்கிறவர் அவர். வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை? இல்லை.

அப்பா அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அந்தப் போனை நான் போன வாரமே பார்த்துவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரம். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். நானும் ஒரு பையனைத்தான் தேடினேன். "ஹரி பிசிக்ஸ்" என்று ஒரு நம்பர் இருந்தது. வந்ததும் வராததுமாக, "யாருடி ஹரி?" டியூஷன் சாராம். ஐம்பது வயதாம். அபி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. அன்றிலிருந்து என்னோடும் பேச்சு குறைந்துவிட்டது.

கூகுளில் அவள் தேடியிருந்ததையும் பார்த்தேன். "எப்போதும் சோர்வாக இருக்க என்ன காரணம்." "எதுவும் பிடிக்காமல் போனால் என்ன செய்வது." "அழுகை வராமல் இருக்க." வரிசையாக. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. நான் ஹரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆக. 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

மெடிக்கல் கடைக்கு லீவு. தெருமுனையில் காலை ஆறு மணியிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. வீட்டில் கொழுக்கட்டை. அபி ஒன்றை எடுத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

மத்தியானம் ஜெயங்கொண்டத்திலிருந்து மாமா. அம்மாவின் அண்ணன். ஒரு பை முந்திரிப் பருப்பு, முகம் நிறையக் கவலை. அம்மாதான் போன் போட்டிருக்கிறாள்.

"பேரு கெடுறதுக்கு முன்னாடி நம்மளே முடிச்சுப்புடணும் மாப்ள," என்றார் அப்பாவிடம். "என் பையன் இருக்கான். வளர்பிறையில தட்டு மாத்திக்கிட்டம்னா ஊரு வாய மூடிரும். கல்யாணம் பதினெட்டு முடிஞ்சு வெச்சுக்கலாம், யாரு கேக்கப் போறா?"

தினேஷுக்கு இருபத்தாறு. ஜே.சி.பி. ஓட்டுகிறான். இரண்டு வருடம் முன்பு என்னைக் கேட்டார்கள். முடியாது என்றேன். வாயாடி என்று விட்டுவிட்டார்கள். இப்போது வாய் திறக்காத ஒன்று அகப்பட்டிருக்கிறது.

நான் குறுக்கே புகுந்தேன். "பதினாறு வயசு மாமா அவளுக்கு."

"ஒன்னைய எவ கேட்டா? ஒன் வாய்க்குப் பயந்துதான் இந்தப் பக்கம் மாப்பிள்ளையே வரமாட்டேங்குறான்."

அபியைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். மாமா கேட்டார்: "தினேஷக் கட்டிக்கிறியா பாப்பா?"

"சரி மாமா."

அவ்வளவுதான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா தொடையைத் தட்டினார். "பாத்தியா, தப்பு இருக்கவும்தான ஒத்துக்கிறா. நல்ல புள்ள."

இரண்டு மாதமாக அவள் எதற்கும் சரிதான். காபி வேண்டுமா, சரி. வேண்டாமா, அதற்கும் சரி. கிணற்றில் தள்ளட்டுமா என்று கேட்டிருந்தாலும் இதே குரலில் இதையேதான் சொல்லியிருப்பாள். மறுக்கவே தெம்பில்லாத பிள்ளையிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு முந்திரிப் பருப்பைப் பிரித்துத் தின்றார்கள்.

அடுத்த வியாழன் தட்டு. முடிவாகிவிட்டதாம்.

ஆக. 30, சனி

கடையில் அரை நாள் லீவு சொன்னேன். அபியின் தலை வாரிப் பதினோரு நாள். எண்ணெய் வைத்து வாசல் பக்கம் உட்கார்த்தி வைத்தேன். முழுக்கச் சிக்கு. முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால்தானோ என்னவோ, பேசினாள்.

முதலில் நான்: "அன்னிக்கு ஹரி யாருன்னு கேட்டதுக்கு மன்னிச்சிருடி."

சீப்பில் சிக்கு.

"எல்லாரும் அதையேதாங்க்கா கேக்குறீங்க. அப்படி ஒருத்தன் இருந்தாக்கூடத் தேவலாம்போல. காரணம்னு ஒண்ணு சொல்லலாம்."

"காரணம் இல்லாட்டிப் போவுது. எப்புடி இருக்குன்னு சொல்லு."

"ஒண்ணுமே இல்லாத மாரி இருக்கு. காலையில முழிச்சா, ஐயோ இன்னும் ஒரு நாளான்னு இருக்கு. டீச்சர் பேசுறது தண்ணிக்குள்ள கேக்குற மாரி கேக்குது. நான் எல்லாருக்கும் பாரம்க்கா."

கேட்டால் நாமே அதை அவள் மனதில் போட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆனாலும் கேட்டேன். செத்துப் போகணும்னு தோணுதாடி?

"சாகணும்னு இல்ல. இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு. அடிக்கடி."

அடிக்கடி. பதினாறு வயது.

கேட்டதும் அவள் உடைந்து போகவில்லை. முதுகு என் முழங்காலில் சாய்ந்தது. "சொல்லிட்டல்ல, நான் பாத்துக்கிறேன், தனியா விடமாட்டேன்," என்றேன். வாரி முடித்து இரட்டைச் சடை போட்டேன்.

பிறகு வீடு முழுக்க, கொல்லை முழுக்கப் பார்த்து, எடுத்து அப்புறப்படுத்த வேண்டியதை எல்லாம் அப்புறப்படுத்தினேன். இன்றிலிருந்து என் பாய் அவள் பாய்க்குப் பக்கத்தில்.

ஆக. 31, ஞாயிறு

சண்டை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை.

அபி சொன்னதைச் சொன்னேன். அம்மா வாயில் கை வைத்தாள். பிறகு: "என்னா கொற வெச்சேன் அவளுக்கு? வெயில்ல பருத்தி எடுத்துத்தான படிக்க வெக்கிறேன்? எனக்கெல்லாம் சோகம் வந்தா எவ கேட்டா?"

"ஒனக்கும் எவளாச்சும் கேட்டிருக்கணும்மா."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அப்பா: "மனநல டாக்டர்ங்கிற. சீட்டுல பேரு எழுதுவான். நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"அதுக்குள்ள அவளே இல்லாம போயிட்டா எவனுக்குப்பா கட்டிக் குடுப்பீங்க?"

கை ஓங்கினார். அடிக்கவில்லை. எழுந்து போய் லாரியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

மதியம் அம்மாவே வந்து ஒரு நிபந்தனை: அரியலூர் ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கே தெரிந்த முகம். பெரம்பலூர் என்றால் வருகிறேன். சரி என்றேன். ஆனால் வியாழக்கிழமை தட்டு நிற்காது, அது வேறு இது வேறு என்கிறாள். நின்றே ஆக வேண்டும், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போடுவேன் என்றேன். சொந்தத் தாய்மாமனையே போலீஸில் பிடித்துக் கொடுப்பாயா என்றாள். கொடுப்பேன்.

செப். 2, செவ்வாய்

பெரம்பலூர். ஓ.பி. சீட்டு வாங்கும்போது அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலுக்குள் குனிந்து சொன்னாள், "தலைவலின்னு எழுதுங்க சார்." அவர், "தலைவலிக்குத் தனி ரூமும்மா," என்றார். நான் சரியாகச் சொன்னேன்.

மனநலப் பிரிவு பெஞ்சில் எங்கள் தெரு செல்வராணி அக்கா. பக்கத்தில் எட்டாவது படிக்கிற மகள், குனிந்த தலை. அவரும் தெரிந்த முகம் வேண்டாமென்று முப்பது கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறார். அம்மாவும் அவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"பல்லு வலி," என்றார் செல்வராணி அக்கா.

"நான் கண்ணுக்கு," என்றாள் அம்மா.

தலைக்கு மேலே பலகை, கொட்டை எழுத்தில். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்து பல்லையும் கண்ணையும் பற்றிப் பேசினார்கள். நான் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா. இரண்டு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தன.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களை வெளியே அனுப்பிவிட்டு முதலில் அபியோடு தனியாகப் பேசினார். அரை மணிக்கு மேல். எங்களைக் கூப்பிட்டதும் அம்மாவின் முதல் கேள்வி: "யாரு அவன்னு சொன்னாளாங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. எனக்குத்தான் வந்தது. "அப்படி ஆளே இல்லீங்கம்மா. ஒங்க பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல. இதுக்கு மனச்சோர்வுன்னு பேரு. டைபாய்டு வந்தா யாருன்னு கேப்பீங்களா?"

"நல்லாப் படிக்கிற புள்ளைங்க."

"நல்லாப் படிக்கிற புள்ளைக்கும் வரும்."

அவர் சொன்னதில் குறித்துக்கொண்டவை: வாராவாரம் பேச வர வேண்டும், அதுதான் முக்கியம். மாத்திரை ஒன்று, காலையில். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் தனியாக விடக் கூடாது, புதிதாக எரிச்சலோ பதற்றமோ தெரிந்தால் உடனே வர வேண்டும். மாத்திரை பெரியவர்கள் கையில். நாமாக நிறுத்தக் கூடாது. திட்டித் திருத்த முடியாது. போனைத் திருப்பிக் கொடுங்கள், அவளுக்குத் தோழிகள் வேண்டும்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம். குன்னம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "போன மாசம் ஒருநா நான் அவளை வெளக்குமாத்தால அடிச்சேன் சுதா. ஒனக்குத் தெரியாது. ஒடம்பு சரியில்லாத புள்ளைய."

எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

செப். 3, புதன்

மாத்திரை முதல் நாள். குமட்டல் என்கிறாள். டாக்டர் சொன்னதுதான், சில நாள் இருக்கும்.

கடையில் ஒரு அம்மா, பூலாம்பாடிப் பக்கம். பத்தாவது படிக்கிற மகளுக்குப் பசிக்கவில்லை, டானிக் கொடுங்கள். பாட்டிலை எடுக்கவில்லை. தூங்குகிறாளா, பேசுகிறாளா, எத்தனை நாளாக என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம்மா, பஸ்ஸு போயிரும்." ஓனர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

செப். 4, வியாழன்

லீவு போட்டேன். புழுக்கம்.

பத்து மணிக்கு மாமா, அத்தை, தினேஷ். இரண்டு தட்டு, பழம், பூ, பட்டுச்சேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மாமாவிடம் நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்ற அம்மா போன் போடவேயில்லை. போடுகிறேன், போடுகிறேன் என்று இரண்டு நாளைக் கடத்தியிருக்கிறாள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலி போடுகிறார். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"பொண்ணுக்குச் சேலையக் கட்டிக் கூட்டிட்டு வா," என்றார் மாமா.

அம்மா உள்ளே போனாள். கால் மணி நேரம். வெளியே வந்தபோது சேலை அவள் கையிலேயே, மடிப்புக் கலையாமல்.

"வேணாம்ண்ணே. அவளுக்கு முடியல."

"என்னா முடியல?"

"மனசு சரியில்ல. டாக்டர்ட்ட காட்டி மாத்தர சாப்புடுறா."

மாமா எழுந்தே விட்டார். "பைத்தியத்தயா என் புள்ள தலையில கட்டப் பாத்தீங்க?"

நேற்று வரை நல்ல பிள்ளை. அதற்கு முந்தைய நாள் ஓடுகாலி. அத்தை தட்டில் இருந்த ஆப்பிள்களை எண்ணிப் பையில் போட்டாள், ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போனதையும் குனிந்து எடுத்தாள். தினேஷ் செருப்பைத் தேடிக்கொண்டு என்னிடம் மெதுவாக, "நல்லாயிருவால்ல?" என்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை போல.

பதினைந்து நிமிடத்தில் வீடு காலி. தெரு முழுக்கச் செய்தி. அம்மா என் மேல் பாய்ந்தாள்: "இப்ப நெஞ்சு குளுந்துச்சா? என் அண்ணன் வூட்டு வாசல் எனக்கு அடைச்சுப் போச்சு." அந்த வார்த்தைகளை அவர்களிடம் அவளேதான் சொன்னாள், நான் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

பைத்தியம் என்று மாமா கத்தியது உள்ளே கேட்டிருக்கும். அதுதான் பயம். போனேன். அபி விழித்திருந்தாள்.

"மாமா போயிட்டாராக்கா?"

"போயிட்டாரு."

"தட்டு?"

"அதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்பாடா," என்றாள். சுவர்ப் பக்கம் இல்லை, என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்கு அவனப் புடிக்கவே புடிக்காதுக்கா."