கத்திக்கு ஒரு சென்ட்

மார்ச் 3

படகு எஞ்சினுக்குப் புது டர்போ போட்டாகிவிட்டது. மெக்கானிக் போன பிறகும் என் கணவன் ஹால்வர் கீழே எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மேலே ஏறி வந்ததும் கேட்டேன்: "வலையை எப்ப வெளியே எடுக்கலாம்? தைக்க வேண்டியது நிறைய இருக்கு."

"கத்தி வரட்டும்."

செப்டம்பரிலிருந்து எதைக் கேட்டாலும் இதே பதில். படகின் அடிப்பக்கத்துக்குச் சாயம்? கத்தி வரட்டும். மீன் வாங்கும் கம்பெனிக்கு இந்த வருஷம் வருகிறோம் என்று சொல்லட்டுமா? கத்தி வரட்டும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சால்மன் மீன் சீசன் திறக்கும். அது யார் கத்திக்காகவும் காத்திருக்காது.

கடலில் போனதைப் போலவே அவன் கேட்கிற டைட்டானியம் மடக்குக் கத்தி ஐந்நூறு டாலருக்கு மேல். டர்போவுக்குப் பிறகு எங்களிடம் அவ்வளவு இல்லை. "அதே மாதிரி, விலை குறைவா ஒண்ணு தேடறேன்" என்றேன். "தேடு" என்றான், கிடைக்காது என்று தெரிந்தவனைப் போல.

மார்ச் 5

செப்டம்பரில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

நான் சுக்கானில் இருந்தேன். அவன் பின்தளத்தில் வலையை விட்டுக்கொண்டிருந்தான். ஓடுகிற வலையின் கண் அவனுடைய ரப்பர் கால்சட்டைக் கொக்கியில் மாட்டியது. குப்புற விழுந்தான், வலை அவனைப் படகின் விளிம்புவரை இழுத்துப் போனது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். நான் பக்கத்தில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சருகே செருகியிருந்த கத்தியை எடுத்து, ஒரு கையால் விரித்து, அறுத்துவிட்டான். கத்தி துள்ளிக் கடலில் விழுந்தது. அவன் விழவில்லை.

அன்றே துறைமுகத்துக்குத் திரும்பினோம். சீசனில் இன்னும் இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. அவன் போகலாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 12

முதல் கத்தி தபாலில் வந்தது. சீனாவில் செய்தது. இதுவும் டைட்டானியம் கைப்பிடிதான், அதே சாம்பல் நிறம், விலை நாலில் ஒரு பங்கு. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஹால்வர் காதருகே வைத்து விரித்தான், மூடினான், விரித்தான். விரிந்த அலகில் பூட்டு விழும் ஓசையைக் கேட்கிறானாம்.

"நல்லாத்தான் இருக்கு" என்று என் பக்கமாகத் தள்ளிவிட்டான்.

காசு தரவில்லை.

எங்கள் வீடுகளில், கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் கொடுத்தவருக்கு ஒரு சென்ட் தர வேண்டும். இல்லாவிட்டால் அது உறவை அறுத்துவிடும் என்பார்கள். கடலில் போன கத்தியை நான் கொடுத்தபோது கால்சட்டைப் பை முழுவதும் தேடி, கிடைக்காமல், படகுக்கு ஓடிப்போய் ஒரு சென்ட் எடுத்துவந்தான். இதற்கு அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

மார்ச் 20

கல்லூரியில் புள்ளியியல் படித்ததற்கு, எதையும் சோதித்துப் பார்க்கும் பழக்கமாவது மிச்சம்: காபி டப்பாவில் கடல் தண்ணீர் பிடித்து, சீனக் கத்தியை அதில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் கைப்பிடி புத்தம் புதிதாக இருக்கிறது. திருகாணிகளில் பழுப்பு. அலகில் பழுப்பு.

டைட்டானியம் துருப்பிடிக்காது, சரி. ஆனால் வலையை அறுப்பது கைப்பிடி இல்லையே.

மார்ச் 26

பெர்னிஸின் கடைக்குப் போனேன். கயிறு, பெயிண்ட், பூட்ஸ் என்று படகுக்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் அவளிடம் உண்டு, ஊர்க்கதையும் சேர்த்து.

"உன் ஆளு இன்னும் அதே கத்திக்குத்தான் அழுதுட்டிருக்கானா?"

"அழல. உம்முனு இருக்கான்."

"அதுக்கு அழறதே மேல். இந்தா, இதைப் பாரு." மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி, துருவே பிடிக்காத எஃகு, விரலால் தள்ளி விரிக்க அலகில் ஒரு ஓட்டை. "உப்புத் தண்ணியிலயே ஊறப் போடு. ஒண்ணும் ஆகாது. கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், அந்தச் சாம்பல் சனியன் மாதிரி இல்ல."

விலை இன்னும் குறைவு. வாங்கிவிட்டேன்.

மார்ச் 27

"பொம்மைக் கத்தி" என்றான். மான்கறி சூப் ஆறும்வரை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், பிறகு ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான். காசு இல்லை.

என்னதான்யா வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லேன். கத்தியா வேணும்? இல்ல, போகாம இருக்க ஒரு சாக்கு வேணுமா?

இதை அவனிடம் கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 1

கெட்சிகன் ஊரிலிருந்து ஒருவர் ஃபோனில் கூப்பிட்டார். எங்கள் மீன்பிடி உரிமத்தை விற்கும் எண்ணம் உண்டா என்று. ஹால்வர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. "நம்பர் குடுங்க" என்று எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 2

பதினெட்டு வருஷம் சேர்ந்து வலை விட்டிருக்கிறோம். நம்பரை ஃப்ரிட்ஜில் காந்தத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறான். பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஏப்ரல் 6

ஹால்வர் தம்பியைப் பார்க்கப் போயிருந்தான். நான் பின்வாசலில் பக்கெட் நிறைய ஐஸ் தண்ணீர் வைத்து, ரப்பர் கையுறையோடு கைகளை முக்கி, விறைத்துப்போகும்வரை காத்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கத்தியாக விரித்துப் பார்த்தேன்.

சாம்பல் கத்தி விரியவே இல்லை. மஞ்சள் மூன்று தடவையில் ஒரு தடவை விரிந்தது. சமையலறையில் எவ்வளவு அழகாக விரிந்தன இரண்டும்!

பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இடது கைக்கு இரண்டுமே கட்டுப்படவில்லை. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவனுடைய வலது கை வலையில் மாட்டாமல் இருந்தது. அவ்வளவுதான். கொக்கிக்குப் பதில் சட்டைக் கை மாட்டியிருந்தால்?

இன்னொன்றும். நான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றேன். நின்று என்ன செய்தேன்? விரலால் வலையைப் பிய்த்தேன். நைலான் வலையை, விரலால். என் கையில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட நான், இவ்வளவு நாளாக அவன் பாக்கெட்டுக்கு ஒரு கத்தி தேடிக்கொண்டிருக்கிறேன்!

ஏப்ரல் 7

ஐஸ் தண்ணீரில் பார்த்ததை ஹால்வரிடம் சொன்னேன்.

"அன்னிக்கு நான் அறுத்துட்டேன் இல்ல?" என்றான்.

"வலது கை மாட்டியிருந்தா?"

"மாட்டல."

"மாட்டியிருந்தா நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்திருக்கணும், ஹால்வர். எங்கிட்ட எதுவும் இல்ல."

எழுந்து போய் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். காற்றே இல்லை.

ஏப்ரல் 15

மறுபடியும் பெர்னிஸ். மீன் ஆலைகளில் குடல் எடுக்கப் பயன்படுத்தும் வெள்ளைக் கைப்பிடிக் கத்தி, பல் வைத்த அலகு, நான்கு வாங்கினேன். மடியாதது. விரிக்க வேண்டாம், பூட்டு வேண்டாம், உருவினால் போதும். நான்கும் சேர்ந்து அந்த மஞ்சள் கத்தியின் பாதி விலைகூட வரவில்லை.

"டைட்டானியத்துல ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கறியா?" என்று பெர்னிஸ் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் தேடினா சிப்பி ஓட்டுலயே முடிச்சிருப்பே."

பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறை செய்தேன். வலையைச் சுற்றி வைக்கும் உருளைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, படகின் பின்விளிம்பில் ஒன்று, கேபின் கதவருகே ஒன்று. நெஞ்சு உயரத்தில், கை தானாகப் போகிற இடத்தில் திருகி வைத்தேன்.

அடுத்த படகுக்கார ரெஜி பார்த்துக்கொண்டே இருந்தான். ஹால்வர் படகுத்துறையில் வந்ததும் கத்தினான்: "ஏய் ஹால்வர், உன் பொண்டாட்டி கடற்கொள்ளைக்குக் கிளம்பிட்டா! நீ வீட்ல சூப் வை!"

ஹால்வர் சிரிக்கவில்லை. நான்கையும் பார்த்தான். "மீன் கழுவுற கத்தி. என் படகைக் கசாப்புக் கடையா ஆக்கிட்டே."

"நம்ம படகை" என்றேன்.

ஏப்ரல் 16

காசு ஏதும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. (எதிர்பார்த்தேன்.)

மே 4

நானே வலையை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். அவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "அந்த முடிச்சு தப்பு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாலைவரை தைத்தோம். கத்தியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மே 19

மழை. ஃப்ரிட்ஜில் நம்பர் இன்னும் இருக்கிறது.

ஜூன் 8

அடுத்த ஞாயிறு திறப்பு. "போறோமா?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஐஸ் ஏத்தணும்" என்றான். அது ஆமாம் என்றுதானே அர்த்தம்? அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 13

மளிகைச் சாமான்களைக் கொண்டுபோய்ப் படகில் வைக்கப் போனேன். உருளையின் இடது பக்கத்துக் கத்தியைக் காணோம்! நான் திருகிய ஓட்டைகளில் பிசின் அடைத்து, துடைத்து, சாயம் பூசியிருந்தது. பின்விளிம்புக் கத்தியும் இல்லை. எடுத்து எறிந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். உருளைக்கிழங்கு மூட்டையைத் தளத்தில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இரண்டும் அங்கேயேதான் இருந்தன. கீழே, தளத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், புது உறையில். பிடி சாய்வாக, தரையை நோக்கி.

அவன் பின்னாலேயே ஐஸோடு வந்தான். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தான்.

"நீ நிக்கறவங்களுக்கு வச்சிருந்தே" என்றான். "விழுந்து கிடந்தா கை அவ்வளவுதான் எழும்பும். அதுக்கு மேல வராது. அன்னிக்கு... வராது."

ஒன்பது மாதத்தில் அந்த நாளைப் பற்றி அவனாகச் சொன்னது இவ்வளவுதான்.

"மத்த ரெண்டும்?"

"அது அங்கேயே இருக்கட்டும். நிக்கறவங்களுக்கும் வேணுமில்ல."

பிறகு ஐஸை இறக்கினோம்.

ஜூன் 14

பால் எடுத்தேன். காந்தம் மட்டும் இருந்தது.

இரவு கட்டிலில் ஃபோனில் அந்த டைட்டானியம் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். அழகான பொருள்தான்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலை கிளம்பினோம். அமைதியான கடல், லேசான மூடுபனி. ரெஜியின் படகு எங்களுக்கு வடக்கே.

கேபினில் சுக்கானுக்கு மேலே உள்ள ஜன்னல் சட்டத்தில், நீல டேப் ஒட்டி, ஒரு சென்ட் காசுகள் நான்கு. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. கொடுத்தவர் கையில் எடுத்துக்கொண்டால்தான் கணக்கு முடியும். எடுத்து மேல்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

நண்பகல் ஆனதும் படகை மெதுவாக முன்னால் விட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவன் பின்தளத்தில், உருளைக்குப் பக்கத்தில், தன் இடத்துக்கு வந்து நின்றான். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழே இருந்த கத்தியின் பிடியை ஒரு தடவை தொட்டான். நிமிர்ந்து எனக்குக் கை காட்டினான்.

வலை ஓடத் தொடங்கியது.