அரைப்பேர்

இன்று மத்தியானம் நம் கம்பியூட்டர் வகுப்புக்கு முன்னால் ஒட்டுப்பால் ஏற்றிய லொறி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. காய்ந்த ரப்பர் பாலின் புளித்த நாற்றம் படியேறி உள்ளே வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். நான் சாத்தவில்லை. தலைவலி என்று சொல்லி, பலகையில் பாதி எழுதிய புரோகிராமை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நீ செத்து இத்தனை வருஷமான பிறகும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

கடைசி மாதங்களில் உன் விரல்களில் இதே நாற்றம் இருந்தது. காலையில் மலையில் பால் வெட்டிவிட்டு, பஸ் பிடித்து ருவான்வெல்லைக்கு வந்து, எங்கள் வாப்பாவின் புடவைக் கடைக்குப் பின்னால் உள்ள குழாயடியில் தேசிக்காய்த் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவுவாய். கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "போயிருச்சா பாரு" என்பாய். போயிருக்காது. போய்விட்டது என்பேன். "கீபோர்டுல ஒட்டிக்கிட்டா சேர் என்னய வெளிய போட்டுருவாரு" என்று சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் படியேறுவாய்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருவரும் சும்மா இருந்தபோது சேர்ந்த வகுப்பு அது. நம்மைத் தவிர எல்லாரும் சிங்களப் பிள்ளைகள், பாடமும் சிங்களத்தில். உனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைச் சிங்களம். விலை சொல்லவும் விலை குறைக்கவும் போதும், பஸ்கால் என்ற கம்பியூட்டர் மொழி படிக்கப் போதாது. வகுப்பெடுக்கும் சேர் தரும் பயிற்சிகளை நீ தமிழில் சொல்லுவாய், நான் எழுதிக்கொள்வேன்.

வகுப்பில் கம்பியூட்டர்கள் குறைவு, கரண்ட் போவது அதிகம். அதனால் நம் புரோகிராம்கள் பெரும்பாலும் எங்கள் கடையின் பின்னறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, காகிதத்தில்தான் ஓடின. நான் எழுதுவேன். நீ மிசினாக இருப்பாய். "மிசினுக்கு மூள கெடையாது. நீ சொன்னத மட்டுந்தான் செய்வேன்" என்று முதுகை நிமிர்த்திக்கொள்வாய். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுகிற புரோகிராமில், எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டும் வரியை ஒருநாள் நான் மறந்துபோனேன். நீ "ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..." என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. போதும் என்றேன். "நிறுத்தச் சொல்லி நீ எழுதலயேடீ. ஒண்ணு... ஒண்ணு..." உம்மா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, "என்னா புள்ள, இவளுக்குப் பேய் புடிச்சீக்கா?" என்று கேட்டார். அதற்கும் "ஒண்ணு" என்றாய்.

பஸ்கால் முடிந்து சி மொழி தொடங்கியபோது உனக்கு அதைப் பிடிக்கவே இல்லை. ஒரு சமன் குறி போட்டால் பெறுமதியைக் கொடுப்பது, இரண்டு போட்டால் சமனா என்று கேட்பது. நான் அதை மாற்றி மாற்றிப் போட்டு நாள் முழுக்கத் திண்டாடினேன். நீ ஒரே பேச்சில் புரியவைத்தாய்: "குடுக்குறவன் ஒரு தடவ தட்டுனா போதும்டீ. கேக்குறவங்கதான் ரெண்டு தடவ தட்டணும்." நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

ஒரு பயிற்சி மட்டும் மறக்காது. வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஒவ்வொருவரும் கொண்டுவந்த கிலோவும் பக்கத்தில் இருந்தது. அது அடுத்த பயிற்சிக்கு. நீ அதையும் சேர்த்துக்கொண்டாய். முழு எண் வைக்க வேண்டிய இடத்தில் தசம எண் வைத்தாய். திரையில் விடை ஐந்தரை என்று வந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பாகயக்?" என்றார். பாதியா என்று அர்த்தம். பாதி மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

"எங்க தோட்டத்துல இருக்காங்க சேர்" என்று நீ சிங்களத்தில் சொன்னாய். அதற்கும் சிரித்தார்கள். சேரும் சிரித்துவிட்டு, கேள்வியை ஒழுங்காக வாசி என்று சொல்லிப் பூச்சியம் போட்டார். அவர் போட்டது சரிதான்.

எனக்கும் விளங்கவில்லை. நான் பஜாரில் பிறந்தவள். பேர் என்றால் எனக்கு ஆள், இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிடும் பெயர். பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை, ஒருநாள் சம்பளம். சொன்ன கிலோ வந்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். "எங்கம்மா வீட்டுக்கு வந்தா நாங்க மொதல்ல கேக்குறதே முழுப்பேரா அரைப்பேரான்னுதான். அந்த நெனப்புல போட்டுட்டேன்." அன்றைக்கு இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம் சேர் உன்னை அழைத்து ஒரு வாக்குக் கொடுத்தார். வருஷக் கடைசிப் பரீட்சையில் பாஸானால், இனிச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க உன்னை வேலைக்கு எடுப்பதாக. எனக்கு வேலை தேவைப்படவில்லை, வாப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்து அறையில் இருந்த உனக்கு அது ஒன்றுதான் வழி. "அம்மாவயும் தங்கச்சியயும் லயத்துலருந்து எறக்கிக் கொண்டாந்துருவேன். பஜார்ல ஒரு ரூம்பு. எவனும் வந்து காலி பண்ணுன்னு சொல்லாத ரூம்பு." பஜாரில் வீட்டுக்காரர்களும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை.

பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. உங்கம்மா பால் வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் லயத்துக் காம்பராவை விட வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். அப்பா இல்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறவள். நீ பதிந்தாய். "பரீட்ச வரைக்கும்தான்டீ. பொறவு பேர வெட்டிட்டு வந்துருவேன்" என்றாய். விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம், பத்தரை பதினொன்று வரை மலை, அதற்குப் பிறகு நிறுவை, பின்னேரம் வகுப்பு. சனிக்கிழமைகளில் எங்கள் பின்னறையில் மிசினாக உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாய். "கரண்டு போயிருச்சு" என்று கண்ணைத் திறக்காமல் சொல்வாய்.

அந்த வருஷம் மழை விடவில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது; வெட்டாத நாளுக்குப் பேர் இல்லை. புதிதாகப் பதிந்த ஆளுக்குப் பேர் குறைந்தால் தோட்டம் ஆளை நிறுத்திவிட்டுக் காம்பராவைத் திரும்பக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். மழை விட்ட சனிக்கிழமை, கண் சிவந்து, கெண்டைக்கால் இரண்டையும் அமுக்கிக்கொண்டு வந்தாய். உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் கத்தினேன். உம்மாவும் சொன்னார்.

"போறேன்டீ. திங்கக்கெழம வெயிலு அடிச்சா ஒரு பேரு போட்டுட்டு அப்பிடியே போறேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு இருந்த வாய்க்கு நூறு வயது வாழ்ந்திருக்க வேண்டும். வெயில் அடித்தது. நீ போனாய். பாதி மரங்களைத்தான் வெட்ட முடிந்ததாம். நிறுவை இடத்தில் வாளியை வைத்துவிட்டு அங்கேயே சரிந்துவிட்டாயாம். எலிக்காய்ச்சல் என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சிறுநீரகம் போய்விட்டது, முன்னமே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் வந்து பார்த்தபோது உனக்கு ஆள் தெரியவில்லை. அந்த வாரமே முடிந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமைக்கு உனக்கு அரைப்பேர்தான் விழுந்தது என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள்.

பரீட்சையை நான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. பாஸானேன். உனக்கென்று சொன்ன வேலையைச் சேர் எனக்குத் தந்தார். உன் தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தாள்.

உங்கம்மா ஒருநாள் பஸ்ஸேறி வகுப்புக்கு வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கம்பியூட்டர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. அவ அந்தப் பரீட்சய எழுதியிருந்தா பாஸாயிருப்பாளா?"

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அவசரமாகச் சொன்னேன்: "கட்டாயம் பாஸாகிருப்பா. எங்க எல்லாரிலயும் அவதான் கெட்டிக்காரி."

உங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு இதெல்லாம் வராது, சும்மா ஆசக்கி வந்து போனான்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அப்பிடிச் சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்."

அதற்குப் பிறகும் கிளினிக்குக்கு வருகிற நாள்களில் ஏறி வருகிறார். வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. அதே கேள்விதான். அடுத்த முறை மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு சின்னப் பொய், அந்த மனுஷி தூங்கட்டும். ஆனால் அவர் தூங்குவதற்கு உன்னை நான் மக்காக்க வேண்டும். என்னால் ஏலாது. "பாஸாகிருப்பா" என்றே சொல்கிறேன். உங்கம்மா தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போகிறார்.