பச்சைப்பிடி சுற்றிய கை

கரமனை, திருவனந்தபுரம்
மே 14

அன்புள்ள மாளவிகா,

நான் நலம். நீயும் நலமாகவே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. என் ஆபீஸ் யோசுவா என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார் என்று நான் சொன்ன அன்றைக்கு நீ போனை வைத்ததுதான். டப்ளினில் குளிர் குறைந்ததா? இங்கே மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டாரைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் தேதி வெங்கிடேஷ் மாமாவின் பெண் சுப்ரியாவுக்குக் கல்யாணம் நடந்தது. எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். லீவு இல்லை என்றேன். நான் வழக்கம்போல் பின்வரிசை. அப்பா போன இந்த ஒன்பது வருஷத்தில் யாரும் என்னை அங்கே உட்காரச் சொன்னதில்லை. நானே போய்விடுவேன். ஊஞ்சலின்போது மாப்பிள்ளையின் அத்தை, தஞ்சாவூர்க்காரி, என்னை முன்பின் அறியாதவள், பச்சைப்பிடி சுற்ற ஒரு ஆள் குறைகிறது என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். ஏன் மாமி ஒளிஞ்சிண்டிருக்கேள், ஊஞ்சல் என்ன கடிக்கவா போறது என்று சிரித்தாள். பொட்டு வைத்திருந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. சுமங்கலிகள் மட்டும் செய்வது என்று எனக்குத் தெரியும். சொல்ல நேரமும் இருந்தது. சொல்லவில்லை. சிவப்பும் மஞ்சளுமான சாத உருண்டைகளை வாங்கி, இருவர் தலையையும் சுற்றி, நாலு திசையிலும் எறிந்தேன்.

கல்யாணப் பெண்ணின் அம்மா ஆயிற்றே, சாவித்ரி மாமி பார்த்துவிட்டாள். அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, அவாளுக்கு அறியாது, சரி, உனக்குமா அறியாது கோமதி என்றாள். பிறகு வேறொருத்தியைக் கூப்பிட்டு மறுபடி சுற்றச் சொன்னாள். அதான் கோமதி அத்தை போட்டாச்சே அம்மா, போரும் என்று சுப்ரியா ஊஞ்சலிலிருந்தே சொன்னாள். யாரும் கேட்கவில்லை. புது உருண்டைகள் வந்தன.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊஞ்சலில் சுப்ரியாவின் இடத்தில் நான் இருப்பதாகத் தோன்றியது. நாற்பத்தெட்டு வயது. பக்கத்தில் யோசுவா, நீளக் கால்கள் தரையில் இடிக்க, எப்போது இறங்கலாம் என்ற முகத்தோடு. எங்களைச் சுற்ற யாரும் வரவில்லை. கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நானே கற்பனை செய்த கூட்டம், அதிலும் நீ இல்லை. அப்பாவையும் நினைத்தேன். அந்த நினைப்பு இதைத் தள்ளிவிடும் என்று காத்திருந்தேன். தள்ளவில்லை.

மறுநாள் ஆபீஸ் போகக் கழக்கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசுவாவிடம் சரி என்றேன். அவர் வாட்ச்சைப் பார்த்து, யோசிச்சித்தான் சொல்லுதியளா, இல்ல பஸ் வாறதுக்குள்ள முடிக்கணும்னா என்றார். சிரித்தோம். பஸ் வந்ததும் ஏறினோம்.

கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. ஜூன் பத்தொன்பது, காலை பதினொரு மணி. உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை. முடிவு செய்தபின் கேட்பதுபோல் நடிக்க எனக்கு வராது. மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஓமனா போடுகிறாள், யோசுவாவின் தம்பி போடுகிறார். மூன்றாவதுக்கு ஆள் கிடைக்காத ஊர் இல்லை இது. நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை.

உடம்பும் வேலையும் உனக்கு நல்லபடி அமையட்டும். என் மேல் எவ்வளவு கோபத்தில் நீ இருந்தாலும் என் ஆசி உன்னோடு உண்டு. ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டில் முடித்துவிடாதே.

வருவதானால் அடையாள அட்டையின் அசல் கொண்டு வா. நகலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உன் அம்மா,
கோமதி